ஆறு சிவந்து வரும் முன்

மீன் வாங்க ஆள் இல்லாமல் போகும் என்று ரத்னா ஒருநாளும் நினைத்ததில்லை. மயிலாப்பூர், மந்தைவெளிச் சந்துகளில் கல்யாணமான நாளிலிருந்து கூடை சுமந்தவள். புயலுக்கு மறுநாள் விற்றிருக்கிறாள், விலை நெருப்பாக இருந்தபோது விற்றிருக்கிறாள், புரட்டாசியில்கூட சில வீடுகளில் கொல்லைப்பக்கமாக விற்றிருக்கிறாள். எந்த வீடு என்று கேட்டால் சொல்லமாட்டாள், அது தொழில் தர்மம். அப்படிப்பட்டவளை, ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரிகள் நாலும் வறண்ட அந்த வருஷம், மீன் கழுவத் தண்ணீர் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

ஜைதூன் பீயும் அப்படிச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மடவை மீன் வாங்குகிற வீடு. பேரம் பேசாத வீடு என்று சொல்ல முடியாது, ஆனால் பேரம் முடிந்ததும் டீ கொடுக்கிற வீடு.

“வேணாம்மா ரத்னா. ஒரு கிலோ மீன் கழுவ ஒரு குடம் போய்டுது. அந்தக் குடத்துக்குக் காலைல லாரி பின்னால ஓடுனேன். என் வயசுக்கு ஓடற ஓட்டமா அது?”

“நா கழுவிக் குடுக்கறேன் பீம்மா.”

“எங்க கழுவுவே? கடல்லயா?”

“கடல்லதான். கொழம்புக்கு உப்பு மிச்சம்.”

ஜைதூன் பீ சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. “உப்புக்கு இன்னா கொறைச்சல்? எங்க கெணத்துல வந்து மோந்துக்கோ. எங்க மாமியார் காலத்துலேர்ந்து டீ போட்ட தண்ணி, இப்ப வாயில வைக்க முடில. எதிர்ல அப்பார்ட்மெண்ட்டுக்காரங்க இன்னும் ஆழத்துக்குப் போர் போட்டாங்க, கடலே உள்ள வந்துடுச்சு. முருங்கையப் பாரு.”

ரத்னா பார்த்தாள். வாசல் முருங்கை இலை முழுக்கக் கொட்டிவிட்டுக் குச்சியாக நின்றது. வெட்டிப் போட்டாலும் துளிர்க்கிற மரம் அது. அதுவே இப்படி நின்றது. டீ வேண்டாம் என்று அவளாகவே சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே, அடையாறு கடலில் கலக்கிற இடத்துக் குப்பத்தில் அவள் வீடு. கலக்கிற இடம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். ஆறு தள்ளினால்தான் கடல் வழி விடும். தள்ள ஆற்றில் தண்ணீர் இல்லை. மாசியிலேயே கடல் மணலை வாரிக் கொட்டி முகத்துவாரத்தை அடைத்துவிட்டது. அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் குட்டை, நடுவில் நாலு வீடு கட்டலாம் போல மணல் மேடு. குட்டைக்கு வந்ததெல்லாம் ஊர்ச் சாக்கடைதான். அந்த வருஷம் அதுவும் குறைந்துபோனது. ஊரே ஒரு வாளியில் குளிக்கும்போது சாக்கடைக்கு மட்டும் எங்கிருந்து தண்ணீர் வரும்? வந்த கொஞ்சமும் தடித்துக் கறுத்து வந்து அடியில் படிந்தது.

அந்தக் குட்டைதான் அவள் புருஷன் செம்பியனுக்குச் சோறு போட்டது. முன்பு அவன் கடலுக்குப் போனவன். ஒரு வாடைக்காலத்தில் படகு கவிழ்ந்து, விடியும்வரை பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்து கரை சேர்ந்தான். அதன் பிறகு முதுகில் வலி என்று சொல்லி ஆற்றோடு நின்றுகொண்டான். வலி முதுகில் இல்லை என்பது ரத்னாவுக்குத் தெரியும். குப்பத்துக்கே தெரியும். யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால் மடவை எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கு முன்பே தெரிந்து வீசுவான். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

இந்த வருஷம் அவன் வீசவில்லை.

“சினை மடவைமே,” என்றான், கேட்டபோதெல்லாம். “அல்லாம் வயித்தத் தள்ளிக்கினு கீது. அது கடலுக்குப் போயிதான் முட்ட வுடும். உள்ளயே மாட்டிக்கிச்சு. இத்தப் புடிச்சித் துன்னுட்டா அடுத்த வருசம் இன்னாத்தப் புடிக்கறது?”

“பின்ன இந்த வருசம் இன்னாத்தத் துன்றது?”

“நீதான் கடல் மீனு எடுத்து விக்கிறியே.”

“யாரு வாங்கறா? கழுவத் தண்ணியில்லயாம்.”

அவன் குட்டையைப் பார்த்தபடி குந்தியிருந்தான். காலையில் எழுந்தால் அங்கே, ராத்திரி சோற்றுக்குக் கூப்பிட்டால் அங்கிருந்து. கரையோரம் நண்டுகள் வளையை விட்டு ஏறி வந்து காய்ந்த சேற்றில் செத்துக் கிடந்தன. கூழைக்கடாக்கள் மட்டும் எங்கெங்கிருந்தோ கூட்டமாக வந்து சேர்ந்திருந்தன. ஊரில் மற்ற தண்ணீரெல்லாம் வற்றிப்போனதால் அவற்றுக்கும் வேறு போக்கிடம் இல்லை.

ரத்னாவின் தம்பி வெள்ளைத்துரை பெருங்குடியில் ஒரு கம்பெனிக்கு செக்யூரிட்டி ஆட்களைச் சேர்த்துவிடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஒரு கேன் தண்ணீர் வைத்து எடுத்து வந்தான். அந்தக் கோடையில் தண்ணீர் கேன் கொண்டுவருகிறவன்தான் உறவு. பூவும் பழமும் யாருக்கு வேண்டும்?

“மாமா, கேட்ல குந்திக்கினு இருக்கற வேலைதான். சேர் போட்டுக் குடுப்பான், ஃபேன் கீது. லாரி வந்தா தொறக்கணும், போனா மூடணும். அம்மாந்தான்.”

“நா தொறந்து மூடற ஆளு கிடையாதுடா,” என்றான் செம்பியன்.

“பின்ன இங்க இன்னா பண்றே? மூடிக்கினு கீறதத்தானே பாத்துக்கினு கீறே?”

ரத்னாவுக்குச் சுருக்கென்றது. “டேய், வாய மூட்றா. கேன வச்சிட்டுக் கெளம்பு,” என்றாள். ஆனால் தம்பி சொன்னது அவள் மனசுக்குள்ளும் இருந்ததுதான். வெள்ளைத்துரை வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னான்: “மாசக் கடைசி வரைக்கும் எடத்தப் புடிச்சி வக்கிறேங்க்கா. அப்பால என் கைல இல்ல.”

செம்பியன் நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு வருஷத்தில் செத்துப்போவான் என்று அவள் நம்பினாள். அப்படி ஆனவர்களைப் பார்த்திருக்கிறாள். உடம்புக்கு ஒன்றும் ஆகாது, பேச்சு நின்றுவிடும், பிறகு சாப்பாடு நின்றுவிடும். முகத்துவாரம் திறந்தால் போதும். கடல் தண்ணீர் உள்ளே வரும், மடவை வெளியே போகும், இறால் ஏறும், அவன் வலையை எடுப்பான். அவள் கேட்டது அவ்வளவுதான்.

முகத்துவாரத்தை மனிதர்கள் வெட்டுவதும் உண்டு. குப்பத்தில் அதை முகம் வெட்டறது என்பார்கள். பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக உள்வாங்கும் வத்த நேரம் பார்த்து, மணலில் இடுப்பகலத்துக்கு ஒரு கால்வாய் எடுப்பார்கள். முதல் மம்மட்டி போடுகிறவனின் பெண்டாட்டி ஒரு குடம் நல்ல தண்ணீரை அந்தக் கால்வாயில் ஊற்றுவாள். ஆற்றுக்கு வழி காட்டுவதாம். பிறகு ஆறு தானே மணலை அறுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் அதற்கு ஒரு கட்டு உண்டு. மேலே மழை பெய்து, ஆறு சிவந்து வந்து மணல் மேட்டைத் தொட்ட பிறகுதான் மம்மட்டியைத் தொடலாம். செம்பியனின் அப்பனும் அப்படித்தான் வெட்டினான், அவன் அப்பனும் அப்படித்தான்.

ஆடி பதினெட்டு வந்தது. ஆற்றில் பெருக்கு என்று காலண்டரில் போட்டிருந்தது. காலண்டருக்கு யார் எடுத்துச் சொல்வது? கோயிலில் கூழ் ஊற்றவே தெருக்காரர்கள் வீட்டுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்று காலை ரத்னா கரைக்குப் போனபோது குட்டை முழுக்க மடவைகள் மேலே வந்து மிதந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம், தண்ணீர் முழுக்க அந்தச் சின்னச் சின்னச் சப்பு கொட்டும் சத்தம், அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“யோவ், பாருய்யா. எப்டி வாயப் பொளக்குது பாரு.”

“பாத்துக்கினுதான் கீறேன்.”

“வர்ற பௌர்ணமிக்கு வெட்டிடுய்யா.”

“ஆறு வரல.”

“எப்ப வரும்?”

“மானத்தக் கேளு.”

“வானத்தக் கேட்டுக்கினே குந்திக்கினு இரு. சினையோட அல்லாம் செத்துப் பூடும். அப்பால சேர் போட்டு குந்திக்கலாம், ஃபேன் கீதாம்.”

“ரத்னா, ஒனக்குத் தெரியாது. பின்னால தண்ணி தள்ளாம வெட்டக்கூடாது. அடில சேறு கீது.”

“சேறு என்னிக்கிதான் இல்ல? பயந்தவனுக்கு ஆயிரம் சாக்கு.” அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “கடலுக்குத்தான் பயந்த. இப்ப ஆத்துக்குமாய்யா பயம்?”

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. சொல்லி முடித்த கணமே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. செம்பியன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து, லுங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தான். அன்று முழுக்க மம்மட்டிக்குப் பிடி மாற்றினான்.

பௌர்ணமியன்று உச்சி வெயிலில் வெட்டினார்கள். பக்கத்து வீட்டு லாரன்ஸும் இன்னும் சிலரும் கூட வந்தார்கள். எல்லாருக்குமே அந்தக் குட்டையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தது. ஆறு சிவக்கவில்லையே என்று லாரன்ஸ் ஒரு தடவை கேட்டான். “வுடு மச்சி,” என்றான் செம்பியன், அவ்வளவுதான். மணல் காலைச் சுட்டது. மம்மட்டி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடல் தூரத்தில் இறங்கி அமைதியாகக் கிடந்தது.

கால்வாய் தயாரானதும் ரத்னா குடத்தோடு வந்தாள். வீட்டில் இருந்த குடிதண்ணீரே அந்த ஒரு குடம்தான், வெள்ளைத்துரை கொண்டுவந்த கேனிலிருந்து ஊற்றி வைத்தது. அதைக் கால்வாயில் ஊற்றினாள். மணல் அத்தனை தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டது. வழி காட்ட ஒரு சொட்டுகூட ஓடவில்லை. செம்பியன் கடைசி வரப்பை உடைத்தான்.

முதலில் கயிறு மாதிரி ஓடியது. பிறகு கையகலம், பிறகு ஆளகலம். இரண்டு பக்க மணலும் பொத்துப் பொத்தென்று இடிந்து விழ, குட்டைத் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடத் தொடங்கியதும் பெண்கள் குலவை போட்டார்கள். மடவைகள் வந்தன. வெயிலில் மின்னிக்கொண்டு, ஒன்றையொன்று தாண்டிக் குதித்துக்கொண்டு, கால்வாய் வழியாகக் கடலுக்குள் போயின. செம்பியன் இடுப்பில் கை வைத்து நின்று சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்ததைப் பார்த்து ரத்னாவுக்கு அழுகை வந்தது. தான் சொன்னது சரியாகப் போய்விட்டது என்று நினைத்தாள். அந்த நினைப்பை அவள் பிறகு எத்தனை தடவை நினைத்து வெட்கப்பட்டாளோ, கணக்கில்லை.

நாற்றம்தான் முதலில் வந்தது. அழுகிய முட்டை நாற்றம். பிறகு தண்ணீர் கறுத்தது. ஆறு தள்ளியிருந்தால் நல்ல தண்ணீர் பின்னாலிருந்து வந்து எல்லாவற்றையும் அலசிக்கொண்டு போயிருக்கும். பின்னால் ஒன்றும் இல்லை. குட்டை வடிய வடிய, மாதக்கணக்கில் அடியில் கிடந்த சேறு பெயர்ந்து மேலே வந்தது. தார் கரைத்ததுபோல ஒரு தண்ணீர் கால்வாயில் புரண்டது. குலவை நின்றுபோனது.

“மீனு சாயுது!” என்று லாரன்ஸ் கத்தினான்.

மடவைகள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்து வந்தன, வெள்ளை வயிறு தெரிய. செம்பியன் குட்டைக்குள் பாய்ந்தான். வலையை வீசினான், பிடிக்க இல்லை, காப்பாற்ற. உயிரோடு இருந்தவற்றை வலையோடு வாரிக்கொண்டு மணல் மேட்டில் ஓடிக் கடலில் விட்டான். ரத்னா மீன் விற்கிற கூடையில் அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினாள். கடலோரமும் கறுத்திருந்தது. விட்ட மீன்கள் நாலு பாகத் தூரம் நீந்திவிட்டுத் திரும்பவும் சாய்ந்தன. அவன் அலைக்குள் இறங்கினான். முழங்கால், இடுப்பு, மார்பு. வருஷக்கணக்கில் கணுக்காலுக்கு மேல் கடலில் நனையாதவன், நெஞ்சளவு தண்ணீரில் நின்று, கறுப்பைத் தாண்டிப் பச்சைத் தண்ணீர் தெரிகிற இடத்தில் மீன்களை ஒவ்வொன்றாக விட்டான். ரத்னா கரையில் நின்று, “வந்துடுய்யா, போதும் வந்துடுய்யா,” என்று கத்தினாள். அலைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது.

சாயங்காலம் கடல் ஏறியது. தடுக்க ஆறு இல்லாததால் மணலை மறுபடி வாரிப் போட்டு, வெட்டிய இடத்தை மூடிவிட்டுப் போனது.

மறுநாள் மேட்டிலிருந்து திரு.வி.க. பாலம் வரை இரண்டு கரையிலும் வெள்ளையாகக் கிடந்தன. எந்தச் சாக்கடையிலும் பிழைக்கிற ஜிலேபி மீனும் செத்துக் கிடந்தது. பாலத்தில் போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். சுகாதாரப் பணியாளர்கள் முகமூடி கட்டிக்கொண்டு வந்து வாரி, பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். டிவிக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு இது மர்மம் என்றார். கூழைக்கடாக்கள் ஒரு நாள் சுற்றிவிட்டு எங்கோ போய்விட்டன. ரத்னா சில மீன்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். சினை கெட்டியாக இருந்தது. அதற்கு மேல் அவளால் தொட முடியவில்லை.

செம்பியன் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘நீ சொல்லித்தானே’ என்று சொல்லியிருந்தால் அவள் நாலு ஏச்சு ஏசியிருப்பாள், அழுதிருப்பாள், மனசு கொஞ்சம் இறங்கியிருக்கும். சாப்பிடு என்றால் சாப்பிட்டான். மாதக் கடைசியில் அவனாகவே வெள்ளைத்துரைக்குப் போன் போட்டான்.

“அந்த சேரு இன்னும் கீதாடா?”

வீச்சுவலையைக் கழுவிக் காயவைத்துச் சுருட்டி லாரன்ஸிடம் கொடுத்தான். “நல்லா பாத்துக்கோ மச்சி,” என்றான். ரத்னா உள்ளே அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எந்த வாய் இருந்தது?

பெருங்குடியில் கேட்டுக்கு எதிரே சதுப்பு வறண்டு வெடித்துக் கிடந்தது. குப்பைமேட்டுப் புகை அந்தப் பக்கம் அடிக்கும்போது கண் எரிந்தது. செம்பியன் லாரி வந்தால் திறந்தான், போனால் மூடினான். என்ன சாப்பிட்டாய் என்று அவள் போனில் கேட்பாள். சாம்பார் என்பான். மீன் வைத்து அனுப்பட்டுமா என்றால், “இங்க வாசனை வந்தா திட்டுவானுங்க,” என்பான். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஆவணியில் வானம் மனசு மாறியது. முதலில் சாயங்காலத் தூறல். அப்புறம் அடுத்தடுத்து இடியோடு பெரிய மழை. தாம்பரம் பக்கம் தெருவில் முழங்கால் தண்ணீர் என்றார்கள். ஒரு விடியற்காலை ரத்னா கரைக்குப் போனாள். ஆறு வந்துகொண்டிருந்தது. செங்கல்லை உரைத்துக் கரைத்ததுபோல, சருகும் பிளாஸ்டிக்கும் சுமந்துகொண்டு, கரையை நிரப்பிக்கொண்டு வந்து மணல் மேட்டைத் தொட்டது. குப்பத்தில் ஒருவரும் மம்மட்டி எடுக்கவில்லை. எடுக்க எவனுக்கும் கை வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடு ஓரிடத்தில் நனைந்து, சரிந்து, பிளந்துகொண்டது. ஆறு தானாகவே கடலுக்குப் போனது.

அவள் போன் போட்டாள். “யோவ், ஆறு வந்துடுச்சுய்யா. தொறந்துக்கிச்சு.”

நைட் டூட்டி முடிந்து அவன் நேராக அங்கே வந்தான். நீலச் சட்டை, மடித்துவிட்ட பேன்ட், இரண்டு ஷூவும் கையில். அவள் நின்ற இடத்துக்கு வந்து, ஓரத்துத் தண்ணீரில் கணுக்கால் நனைய நின்றான்.

“யாரும் வெட்டலயா?”

“இல்ல. அதுவா ஒடைச்சிக்கினு போச்சு.”

அவன் தலையாட்டினான். இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் எத்தனையோ ராத்திரி மனசுக்குள் கேட்டுப் பார்த்து, விடிந்ததும் விழுங்கிய கேள்வி அது. இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று தோன்றியது.

“பொறுத்திருந்தா பொயச்சிருக்குமாய்யா அதெல்லாம்?”

செம்பியன் ஆற்றையே பார்த்தபடி சொன்னான்: “இல்லமே. மொதோ மழத் தண்ணி ஊரு சாக்கடைய அப்டியே வாரிக்கினுதான் வரும். அதுல எந்த மீனும் நிக்காது. அன்னிக்கி இல்லாங்காட்டி இன்னிக்கி செத்திருக்கும். நீ இன்னா பண்ணுவே.”

அவன் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது. அவளுக்கு நெஞ்சில் இருந்த பாறை அசைந்ததுபோல ஒரு கணம் இருந்தது.

அப்போதுதான் இரண்டு பேரும் கீழே பார்த்தார்கள். கடல் பக்கத்திலிருந்து, இழுப்பு குறைவான அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பொடி மடவைகள் ஏறி வந்துகொண்டிருந்தன. அரிசி அளவுதான். எண்ண முடியாத கூட்டம். அந்த முதல் மழைத் தண்ணீரில், அந்தச் சிவப்பில், உயிரோடு துள்ளிக்கொண்டு, செம்பியனின் காலுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து, பின்னால் சேர்ந்துகொண்டு, ஆற்றுக்குள் போயின.

அவன் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள். அவன் காலை எடுக்கவில்லை.

“ஆமாய்யா,” என்றாள் ரத்னா. “செத்துதான் போயிருக்கும்.”